நூற்றைம்பது வயதுப் பாலிசி: எம்.டபிள்யூ.பி. பெட்டியில் டிக் அடிக்கலாமா?

இணையத்தில் டேர்ம் பாலிசி (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுக்கும்போது உயரம், எடை, புகைப்பழக்கம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, நடுவே ஒரு சின்னக் கேள்வி வரும்: ‘மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் (Married Women's Property Act, சுருக்கமாக எம்.டபிள்யூ.பி.) கீழ் இந்தப் பாலிசியை எடுக்க விரும்புகிறீர்களா?’ பெரும்பாலோர் ‘இல்லை’ என்று தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். தெரிந்த ஏஜென்ட் பக்கத்தில் இருந்தால், ‘போட்டுக்கோங்க சார், கடன்காரன் கைவைக்க முடியாது’ என்று ஒரே வரியில் முடிப்பார். இரண்டுமே அவசரம். அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருப்பது 1874-ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டத்தில் ஆறாவது பிரிவு. விக்டோரியா மகாராணி காலத்துச் சரக்கு, இன்றும் புது பாலிசிகளில் விற்பனையாகிறது.

இதற்குக் கூடுதல் பிரீமியம் கிடையாது. எல்.ஐ.சி.யிலும் தனியார் நிறுவனங்களிலும் டேர்ம், எண்டோமென்ட் (முதிர்விலும் பணம் தரும் சேமிப்பு வகை), மணி பேக் (இடையிடையே பணம் திரும்பத் தரும் வகை) என்று ஆயுள் காப்பீட்டின் பல வகைகளில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: விண்ணப்பிக்கும்போதே சேர்க்க வேண்டும். பாலிசி கைக்கு வந்தபின் ‘இதையும் போட்டுக் கொடுங்கள்’ என்று கேட்டால் நடக்காது. போட்டுவிட்டு ‘எடுத்துவிடுங்கள்’ என்று கேட்டாலும் நடக்காது.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடன் வாங்கித் தொழில் செய்யும் ஆணுக்கு, டேர்ம் பாலிசியில், இது மிக நல்ல ஏற்பாடு. எண்டோமென்ட் பாலிசியில் யோசிக்க வேண்டியது. வங்கியில் அடமானம் வைக்கப் போகும் பாலிசிக்கு உதவாது. இன்று வாங்குபவர் இடறுகிற இடங்கள் ஏறக்குறைய எல்லாமே, இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்த ‘மனைவி’யிடமிருந்து வருகின்றன. அவள் யார் என்று தெரியாமல் படிவத்தை நிரப்புவது சரியல்ல.

பாலிசி என்ன செய்கிறது

மணமான ஓர் ஆண் தன் உயிர்மீது பாலிசி எடுத்து, அது மனைவிக்காக அல்லது மனைவி மக்களுக்காக என்று பாலிசியின் முகப்பிலேயே எழுதியிருந்தால், அந்தப் பணம் அவர்களுக்கான டிரஸ்ட் (அவர்கள் நன்மைக்காக மட்டும் ஒதுக்கிப் பொறுப்பில் வைக்கும் சொத்து) ஆகிவிடும் என்கிறது ஆறாவது பிரிவு. பயனாளிகள் இருக்கும்வரை கணவனின் கட்டுப்பாடு அதன்மீது செல்லாது. அவன் கடன்காரர்களின் உரிமையும் செல்லாது. அவன் இறந்தால் அது அவன் விட்டுச்சென்ற சொத்தில் சேராது.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஒரு மளிகை மொத்த வியாபாரி 60 லட்சம் கடனோடும் ஒரு கோடி ரூபாய் டேர்ம் பாலிசியோடும் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பாலிசியில் மனைவி நாமினி. பணம் அவர் கணக்குக்கு வரும். ஆனால் நாமினி என்பவர் பணத்தைக் கைநீட்டி வாங்குபவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு என்று உச்சநீதிமன்றம் 1984-இல் சர்பதி தேவி எதிர் உஷா ராணி வழக்கில் சொல்லியது. 2015 காப்பீட்டுச் சட்டத் திருத்தம் மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்று மாற்றியது. ஆனாலும் கணவன் நினைத்தால் எந்த நாளும் நாமினியை மாற்றிவிடலாம். கடன் கொடுத்தவர்கள் இறந்தவரின் சொத்து என்று சொல்லி வழக்குப் போடவும் இடமிருக்கிறது. எம்.டபிள்யூ.பி. பாலிசியில் இந்த இரண்டு கதவும் மூடியிருக்கும்.

ஏஜென்ட்கள் சொல்லாமல் விடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, கடனாளியின் ஆயுள் பாலிசியில் வரவேண்டிய பணத்தை ஜப்தியிலிருந்து ஏற்கெனவே விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே சாதாரணப் பாலிசி முழுக்கத் திறந்து கிடப்பதில்லை. ஆனால் அந்தப் பிரிவு ஜப்தியை மட்டும் தடுக்கிறது. பணம் யாருடையது என்ற கேள்விக்குள் போவதில்லை. எம்.டபிள்யூ.பி. அந்தக் கேள்விக்கே பதில் எழுதிவிடுகிறது.

1874-இன் மனைவி

1866 ஜனவரி 1-க்கு முன், இந்தியாவில் ஆங்கிலச் சட்டத்துக்கு உட்பட்டு வாழ்ந்த குடும்பங்களில், மணமான பெண்ணுக்குத் தனியான சட்ட ஆளுமை கிடையாது. கணவனும் மனைவியும் ஓராள், அந்த ஓராள் கணவன். அவள் கொண்டுவந்த ரொக்கமும் அசையும் பொருள்களும் அவனுக்கு. தையல் தைத்தோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியோ சம்பாதித்தால் அந்தக் கூலியும் அவனுக்கு. நிலம் அவள் பெயரில் இருந்தாலும் வருமானத்தை வாங்கிக்கொள்வது அவன். அவளாகத் தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவோ வழக்குப் போடவோ முடியாது. பணம் பெற்றுக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது.

இதிலிருந்து தப்ப வசதியுள்ளவர்கள் கண்டுபிடித்த வழி டிரஸ்ட் பத்திரம். பெண்ணின் அப்பா வக்கீலை வைத்து, மூன்றாமவர் ஒருவரை டிரஸ்டியாக்கி, ‘இந்தச் சொத்து என் மகளின் தனிப் பயனுக்கு’ என்று எழுதிவைப்பார். மனைவி கையில் கொடுத்தால் அது கணவன் கையில் கொடுத்ததாகிவிடும். ஆகவே இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். கணவனே மனைவிக்கு எதையாவது ஒதுக்க நினைத்தாலும் இதே சுற்றுவழிதான். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத குமாஸ்தாவின் மனைவிக்கு அந்த வழியும் இல்லை.

1865-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இதை ஒரே வாக்கியத்தில் உடைத்தது. திருமணத்தால் ஒருவர் சொத்தில் மற்றவருக்கு எந்த உரிமையும் வராது என்றது அதன் நான்காம் பிரிவு. இங்கிலாந்துப் பெண்கள் இதே நிலைக்கு வர 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இதன் எடை தெரியும். ஆனால் அது 1866 ஜனவரி 1 முதல் நடந்த திருமணங்களுக்குத்தான். அதற்கு ஒருநாள் முன்னால் தாலியோ மோதிரமோ மாற்றிக்கொண்டவள் பழைய நிலையிலேயே கிடந்தாள். அவளுக்காகவும், 1865 சட்டம் விட்டுவைத்த ஓட்டைகளை அடைக்கவும் வந்ததுதான் 1874 சட்டம். மனைவியின் கூலியும், எழுத்து, கலை, அறிவியல் திறமையால் அவள் சம்பாதித்ததும் அவளுடையதே, அவள் தரும் ரசீது செல்லும் என்று அதன் நான்காம் பிரிவு சொல்கிறது. ஐந்தாம் பிரிவில் அவள் தன் பெயரில் காப்பீடு எடுத்துக்கொள்ளலாம். ஏழாம் பிரிவில் தன் பெயரில் வழக்குப் போடலாம். இவற்றுக்கு நடுவில், கணவன் தன் உயிர்மீது எடுக்கும் பாலிசிக்கு ஆறாவது பிரிவு. பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு வக்கீல் எழுதிக் கொடுத்த டிரஸ்டை, எந்தப் பத்திரமும் இல்லாமல், பாலிசியின் முகப்பில் ஒரு வரி எழுதியே குமாஸ்தாவின் மனைவிக்கும் கொடுத்துவிட்டது அது.

அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் படிக்கும்போதுதான் நம்மூர் வாசகருக்குச் சுருக்கென்று இருக்கும். திருமணத்தின்போது இந்து, முஸ்லிம், பௌத்தம், சீக்கியம், சமணம் ஆகிய மதங்களைச் சேர்ந்த பெண்ணுக்கோ, அந்த மதங்களைச் சேர்ந்த ஆணை மணந்தவளுக்கோ இதில் எதுவும் பொருந்தாது. அதாவது இந்தியாவின் ஆகப்பெரும்பான்மைப் பெண்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அவர்கள் நிலை என்ன? மதராஸ் மாகாணத்தில் மிதாட்சரம் என்ற இந்துச் சட்ட மரபின்படி நடந்த இந்துக் குடும்பங்களில் சீதனம் உண்டு. அது பெண்ணின் சொத்து. இந்த ஒன்றில் ஆங்கிலேயப் பெண்ணைவிட இந்துப் பெண் நெடுங்காலம் மேலாகவே இருந்தாள். ஆனால் சீதனத்துக்குள்ளேயே இரண்டு தரம். உறவினர் அன்பாகக் கொடுத்த சௌதாயிகத்தை அவள் இஷ்டப்படி செய்யலாம். கல்யாணத்துக்குப்பின் வெளியார் கொடுத்ததும், அவள் கைத்தொழிலில் சம்பாதித்ததும் அவளுடையதே என்றாலும் கணவன் உயிரோடிருக்கும்வரை அவன் ஆளுகையில். ஆக, 1875-இல் மதராஸில் ஒரே தெருவில் இருவர் பாய் பின்னிச் சம்பாதித்தால், கிறிஸ்தவப் பெண்ணின் கூலி சட்டப்படி அவளுடையது. இந்துப் பெண்ணின் கூலியில் கணவன் சொல் செல்லும்.

கணவன் இறந்துவிட்டால் இன்னும் மோசம். பிரிவினையாகாத கூட்டுக்குடும்பமாக இருந்து, மகனும் இல்லையென்றால் அவன் பங்கு அண்ணன் தம்பிகளுக்குப் போகும். விதவைக்கு ஜீவனாம்சம் மட்டும். 1937-இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வரும்வரை இதுதான். அதிலும் அவளுக்குக் கிடைத்தது ஆயுளுக்கு அனுபவிக்கும் உரிமை. விற்கும் உரிமை முழுதாக வந்தது 1956-இல். அவன் தனிச் சொத்தாக விட்டுச்சென்றதில்கூட, மகன்கள் இருந்தால் அவர்களுக்குத்தான் முதல் உரிமை. இந்தச் சூழலில் ஒரு தாசில்தார் அலுவலக எழுத்தர் மாதாமாதம் பிரீமியம் கட்டினால், அவர் செத்தபின் அந்தப் பணம் கூட்டுக்குடும்பப் பணத்தில் கட்டப்பட்டது என்று பங்காளிகள் ஒரு பக்கம், கடன்காரர்கள் மறுபக்கம் என்று இழுப்பார்கள். மனைவிக்கு என்று எழுதிவைத்தது எங்கோ மூலையில் கிடக்கும்.

கிறிஸ்தவர்களும் இதிலிருந்து எளிதாகத் தப்பிவிடவில்லை. மதராஸ் மாகாணத்தின் பெல்லாரியில் மாத்யூ ஆபிரகாம் இறந்தபோது, இது கூட்டுக்குடும்பச் சொத்து என்று அவர் தம்பி ஃபிரான்சிஸ் கேட்க, மனைவி சார்லட் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போராட வேண்டியிருந்தது. மதம் மாறியவர் இந்துச் சட்டத்தைக் கைவிட உரிமை உண்டு என்று 1863-இல் தீர்ப்பு வந்தது. எந்தச் சட்டத்தின் கீழ் மனைவி என்பதே அந்தக் காலத்தில் வழக்காடித் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

மதராஸுக்கு மட்டும் ஒரு தேதி

ஆறாவது பிரிவின் இன்றைய வாசகத்தைப் புரட்டினால் ஓர் அதிசயம் இருக்கிறது. இந்துவோ முஸ்லிமோ சீக்கியரோ சமணரோ எடுத்த பாலிசிக்கு அது எப்போதிலிருந்து பொருந்தும் என்று சொல்லும் இடத்தில், ‘மதராஸில் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு’ என்று தனியாக ஒரு வரி. மற்ற இடங்களுக்கு 1923 ஏப்ரல் 1-க்குப் பிறகு. ஒன்பது ஆண்டுக்கு மேல் வித்தியாசம்.

காரணம் மதராஸ் உயர்நீதிமன்றம். பாலம்பா எதிர் கிருஷ்ணய்யா வழக்கில் அதன் முழு அமர்வு, இந்து எடுத்த பாலிசிக்கும் ஆறாவது பிரிவு பொருந்தும் என்று 1913-இல் தீர்ப்புச் சொன்னது. பம்பாய் உயர்நீதிமன்றம் பொருந்தாது என்றது. சட்டத்தின் சொற்களைக் கூர்ந்து பார்த்தால் சண்டைக்கு இடம் இருக்கத்தான் செய்கிறது: விலக்கும் இரண்டாம் பிரிவு ‘எந்த மணமான பெண்ணுக்கும்’ என்கிறது, ஆறாவதோ ‘எந்த மணமான ஆணும்’ என்று தொடங்குகிறது. கடைசியில் 1923-இல் சட்டத்தைத் திருத்தி நாடு முழுவதற்கும் மதராஸ் வழியையே கொண்டுவந்தார்கள். மதராஸில் அதற்கு முன்பே எடுத்த பாலிசிகள் விட்டுப்போகாதிருக்க 1913-ஐத் தனியாக எழுதிவைத்தார்கள்.

எதை நீட்டித்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். கணவன் கொடுக்கும் ஆறாவது பிரிவை மட்டும். மனைவியின் கூலி அவளுடையது என்ற நான்காம் பிரிவுக்கு இரண்டாம் பிரிவின் பூட்டு அப்படியே இருந்தது. கணவனின் தயவில் வருவது கிடைத்தது. தன் உழைப்பில் வருவது கிடைக்கவில்லை. எங்களைக் கேட்டால், இந்தச் சட்டத்தின் வரலாற்றில் மிகவும் கசப்பான பகுதி இதுதான்.

வாங்கும்போது

விண்ணப்பத்தில் ‘ஆம்’ என்று குறித்தால் நாமினி பகுதி தேவைப்படாது. இந்தப் பாலிசிக்கு நாமினி கிடையாது, பயனாளிகளும் டிரஸ்டிகளும்தான். நிறுவனம் தனி இணைப்புப் படிவம் ஒன்று தரும். அதில் பயனாளி ஒவ்வொருவரின் பெயர், பிறந்த தேதி, உறவு, பங்கு விழுக்காடு. பங்குகளின் கூட்டல் 100 வர வேண்டும். பயனாளியாக இருக்கக்கூடியவர்கள் மனைவி, பெற்ற அல்லது தத்தெடுத்த பிள்ளைகள் மட்டுமே. மனைவியை இழந்தவரும் விவாகரத்தானவரும் பிள்ளைகளுக்காக எடுக்கலாம். அப்பா அம்மாவைச் சேர்க்க முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி மக்களோடு தாயும் முதல் வரிசை வாரிசு. ஆனால் இந்தப் பாலிசிப் பணம் வாரிசுச் சொத்துக்குள் வராததால் அவருக்குப் பைசா வராது. அம்மா உங்கள் வருமானத்தை நம்பியிருந்தால் அவருக்கென்று சாதாரணப் பாலிசி ஒன்றைத் தனியாக எடுப்பதுதான் முறை.

டிரஸ்டி பகுதியைத்தான் பலர் அரைகுறையாக விடுகிறார்கள். டிரஸ்டி நியமிக்கப்படாவிட்டால், பணத்தை மாநில அதிகாரப்பூர்வ டிரஸ்டியிடம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தமிழ்நாட்டில் அந்த அலுவலகம் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. அங்கிருந்து வாங்க மனு, ஆவணம், கட்டணம் எல்லாம் உண்டு. திருநெல்வேலியில் இருக்கும் கைம்பெண் ஒருவரை இதற்காகச் சென்னைக்கு அலையவிடத் தேவையே இல்லை. மனைவியையே டிரஸ்டியாகப் போடலாம். அவரே பயனாளியாக இருப்பது தடையல்ல. பணத்தைத் தானே பெற்று ரசீது தர முடியாத மனைவிக்காகச் செய்த ஏற்பாட்டில், இன்றைய மனைவியையே அந்த நாற்காலியில் உட்கார வைப்பதுதான் சரியான பதில்.

பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தால் இரண்டு டிரஸ்டிகள் நல்லது: மனைவியும், பண விஷயத்தில் நம்பிக்கையான, வயதில் இளையவரான உறவினர் ஒருவரும். வயதான சித்தப்பாவைப் போட்டால் உங்களுக்கு முன்னால் அவர் போய்விடுவார். டிரஸ்டியைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், பயனாளியைத்தான் முடியாது. டிரஸ்டியின் சம்மதக் கையெழுத்தும் அடையாளச் சான்றும் விண்ணப்பத்தோடு போக வேண்டும். இது விடுபட்டால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

பிரீமியத்தை உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து கட்டுங்கள். இந்துக் கூட்டுக்குடும்பக் கணக்கிலிருந்தோ, கூட்டு வியாபாரக் கணக்கிலிருந்தோ கட்டினால், மேலே சொன்ன பங்காளி வழக்குக்கு நீங்களே சாட்சி சேர்த்து வைக்கிறீர்கள்.

பாலிசி வந்ததும் முதல் வேலை, அட்டவணைப் பக்கத்தைப் பார்ப்பது. 1874 சட்டம், ஆறாவது பிரிவு, பயனாளிகள் பெயர், டிரஸ்டி பெயர் அங்கே அச்சாகியிருக்க வேண்டும். சட்டம் கேட்பது ‘பாலிசியின் முகப்பில்’ எழுதியிருப்பதை. விண்ணப்பத்தில் நீங்கள் டிக் அடித்தது மட்டும் போதாது. ‘நாமினி: மனைவி’ என்று மட்டும் வந்திருந்தால் அது சாதாரணப் பாலிசி. பெற்ற நாளிலிருந்து 30 நாள் பரிசீலனைக் காலம் இருக்கிறது. அதற்குள் எழுதித் திருத்தச் சொல்லுங்கள், மறுத்தால் திருப்பிக் கொடுத்துப் புதிதாக எடுங்கள். இந்தச் சட்டத்தில் எடுத்தோம் என்று நம்பிக்கொண்டிருந்து, உண்மையில் வெறும் நாமினி பாலிசியை வைத்திருப்பதுதான் இதில் ஆகக் கெட்ட நிலை.

எங்கே கோணுகிறது

மிகப் பெரிய ஓட்டை ஜாமீன். சிறுதொழில் கடன், வீட்டுக் கடன் எதற்கும் மனைவியைக் கூட்டுக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போடச் சொல்வது வங்கிகளின் வாடிக்கை. அப்படிப் போட்டிருந்தால், கணவனின் கடன்காரர் பாலிசியைத் தொட முடியாது என்பது உண்மைதான். ஆனால் பணம் மனைவி கைக்கு வந்தபின் அவர் தன் சொந்தக் கடனுக்கே பதில் சொல்ல வேண்டும். பாலிசி அவரைக் கணவன் கடனிலிருந்துதான் காக்கும், அவர் கையெழுத்திலிருந்து காக்காது. மனைவி ஜாமீன் போட்டிருக்கும் வீடுகளில் பிள்ளைகளைப் பயனாளியாகவும் மனைவியை டிரஸ்டியாகவும் வைப்பது ஒரு வழி. அப்போது பணம் பிள்ளைகளுடையது. இந்த ஒரு விஷயத்துக்காகவே கையெழுத்துப் போடும் முன் வக்கீல் ஒருவரிடம் அரைமணி நேரம் செலவிடலாம்.

அடுத்தது காலம். தொழில் ஏற்கெனவே மூழ்கி, நோட்டீஸ்கள் வர ஆரம்பித்தபின் எடுத்தால், கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கம் என்று காட்டி அவர்கள் பாலிசிப் பணத்திலிருந்தே வாங்கிக்கொள்ள அதே பிரிவில் வழி இருக்கிறது. நிலைமை நன்றாக இருக்கும்போது எடுப்பது மட்டுமே பாதுகாப்பு.

மூன்றாவது, விவாகரத்து. 1874-இல் இந்துக்களுக்குச் சட்டப்படி விவாகரத்து இல்லை. வழக்காறுள்ள சாதிகளில் மட்டும் அறுத்துக்கட்டுவது உண்டு. கிறிஸ்தவர்களுக்கு 1869 சட்டம் கொடுத்திருந்தது, அதிலும் கணவன் மனைவியின் பிறன்கூடலை மட்டும் நிரூபித்தால் போதும், மனைவியோ அதோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். மணவாழ்க்கை சாவில்தான் முடியும் என்ற கணக்கில் எழுதிய பிரிவு இது. ஆகவே இன்று பெயர் போட்டு எடுத்த பாலிசியில், விவாகரத்துக்குப் பின்னும் அந்தப் பெண்ணே பயனாளி. பெயர் குறிப்பிட்ட மனைவிக்குப் பாலிசி எடுத்த அன்றே உரிமை போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று, இதே போன்ற ஆங்கிலச் சட்டத்தின் கீழ் அங்குள்ள நீதிமன்றம் 1930-களின் தொடக்கத்தில் சொல்லியிருக்கிறது. பிரீமியம் கட்டுவதை நிறுத்துவது தவிர கணவனுக்கு வேறு வழி பெரும்பாலும் இருக்காது.

பெயர் போடாமல் ‘என் மனைவி’ என்று பொதுவாக விட்டால்? இறக்கும்போது யார் மனைவியோ அவருக்கு என்று பொருள்கொள்ள இடமுண்டு. சில படிவங்கள் இதை ஏற்கும், பல ஏற்காது. இந்து ஆண்கள் இரண்டு மூன்று மணம் செய்துகொள்ளச் சட்டம் அனுமதித்த காலத்தில், மதராஸில் 1949-இல் தடைச் சட்டம் வரும்வரை, பெயர் போடாத பாலிசி எத்தனை வழக்குக்கு விதை போட்டிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். எங்கள் பரிந்துரை: பெயர் போடுங்கள், மனைவி மக்கள் எல்லோரையும் பங்கோடு சேருங்கள், ஒருவர் முன்னால் இறந்தால் அவர் பங்கு மற்றவர்களுக்கு என்று எழுதப் படிவம் இடம் கொடுத்தால் அதையும் எழுதுங்கள். பின்னால் பிறக்கும் பிள்ளையைச் சேர்க்க முடியாது. அதற்குப் புதுப் பாலிசிதான்.

கடைசியாக, சட்டம் காப்பது வரப்போகும் பணத்தை, பிரீமியத்தை அல்ல. கணவன் கட்டாமல் விட்டால் டேர்ம் பாலிசி சலுகைக் காலம் முடிந்ததும் காலாவதி. அந்தச் சலுகைக் காலம் பொதுவாக 30 நாள், மாதத் தவணைக்கு 15. மனைவிக்குத் தகவல் போகாது. தானியங்கிப் பற்று வைத்து, பாலிசி எண்ணையும் நினைவூட்டல் குறுஞ்செய்தியையும் மனைவியின் கைபேசிக்குப் போகும்படி செய்துவிடுவது நல்லது. அதேபோல் விண்ணப்பத்தில் சர்க்கரை நோயை மறைத்திருந்தால், முதல் மூன்று ஆண்டுக்குள் நிறுவனம் அதைச் சொல்லி மறுக்கலாம். டிரஸ்ட் என்பதால் மன்னிப்பு இல்லை.

யாருக்கு, எந்தப் பாலிசியில்

எண்டோமென்டில் இதைச் சேர்க்கும் ஆண்கள் முதிர்வு நாளன்று திடுக்கிடுவார்கள். இருபது ஆண்டு கட்டிய பணம் அவர்களுக்கு வராது. டிரஸ்டி வழியாகப் பயனாளிகளுக்குத்தான். நடுவில் அதன்மேல் கடன் வாங்கவோ சரண்டர் செய்யவோ (முன்கூட்டியே முடித்துப் பணம் வாங்கவோ) டிரஸ்டி விண்ணப்பிக்க வேண்டும், வயதுவந்த பயனாளிகள் சம்மதிக்க வேண்டும். பயனாளி சிறுவர் என்றால் அந்த வாசல் ஏறக்குறைய மூடியே கிடக்கும். மகள் படிப்புக்கு என்று திட்டமிட்டே போடுபவருக்கு இது குறையல்ல, பூட்டு. சேமிப்பு என்று நினைப்பவருக்குக் குறை. வங்கிக் கடனுக்கு அடமானமாகப் பாலிசி கேட்டால் இதைக் கொடுக்க முடியாது. வங்கிக்கென்று வேறொன்று எடுங்கள். மாதச் சம்பளக்காரர், கடனில்லை, குடும்பத்தில் சச்சரவில்லை என்றால் சாதாரண நாமினி பாலிசி போதும்.

சம்பாதிக்கும் பெண்களுக்கு இந்தப் பெட்டி பெரும்பாலும் இல்லை. ஆறாவது பிரிவு ‘மணமான ஆண்’ என்றே பேசுகிறது. சம்பாதிப்பவன் கணவன், காப்பாற்றப்பட வேண்டியவள் மனைவி என்ற 1874-இன் கணக்கு அப்படியே நிற்கிறது. கடன் வாங்கித் தொழில் நடத்தும் பெண் தன் பிள்ளைகளுக்காக இதே பாதுகாப்பை விரும்பினால், தனியாக டிரஸ்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, பாலிசியை அந்த டிரஸ்டுக்குக் காப்பீட்டுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின் கீழ் உரிமை மாற்றிக் கொடுக்க வேண்டும். முத்திரைக் கட்டணம், வக்கீல் செலவு எல்லாம் சேரும். ஆணுக்கு ஒரு டிக்கில் இலவசமாகக் கிடைப்பதை அவர் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.